பழைய கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: டேட்டா போகாமல் டூயல் பூட் செய்யும் வழி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் பெரும்பாலான பழைய கணினிகளில் இல்லை. ஆனாலும் ஏதோ ஒரு அக்கவுன்டிங் மென்பொருளோ, பழைய பிரின்டரோ, ஸ்கேனரோ விண்டோஸை விட்டுத் தராது. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதியது இது. விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், பக்கத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் குடிவரும். கணினியை ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். இதற்குப் பெயர்தான் டூயல் பூட்.

லினக்ஸை இன்ஸ்டால் செய்ய அதிகபட்சம் முக்கால் மணி நேரம் போதும். அதற்கு முன் விண்டோஸுக்குள் செய்யவேண்டிய ஏற்பாடுகளுக்குத்தான் ஒரு நாள் பிடிக்கும். டேட்டாவை இழப்பவர்கள், கறுப்புத் திரையில் மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள்தான். அதனால் படி 6 வரைக்கும் அவசரம் வேண்டாம்.

1. கையில் இருக்கவேண்டியவை

மென்பொருளுக்கு ஒரு காசும் செலவில்லை. தேவைப்படுபவை:

- 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்.
- உங்கள் ஃபைல்கள் முழுவதும் அடங்கும் அளவுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். இரவல் வாங்கினாலும் போதும்.
- நெட்வொர்க் கேபிள், அல்லது கேபிள் வழியாகத் தன் இன்டர்நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் (யூஎஸ்பி டெதரிங்) ஒரு கைபேசி. சில பழைய வைஃபை சிப்கள், குறிப்பாக பிராட்காம், டிரைவர் போடும்வரை லினக்ஸில் வேலை செய்யாது. அந்த டிரைவரை இறக்கவே இன்டர்நெட் வேண்டும்.
- இந்த வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொள்ள வேறொரு சாதனம்.

விருப்பமிருந்தால் இன்னும் இரண்டு. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட். ஏழெட்டு வருடமான கணினி என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். காரணம் படி 9-இல் வருகிறது. மற்றொன்று சாட்டா எஸ்எஸ்டி. கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது என்றால், எந்த இயங்குதளம் போட்டாலும் அது மெதுவாகத்தான் இருக்கும். செலவழிக்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ரேமை விட்டுவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

எழுதி வைக்கவேண்டியவையும் உண்டு. விண்டோஸ் ப்ராடக்ட் கீ (பெட்டியின் ஸ்டிக்கரில் இருந்தால்), மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ ஆனில் இருந்தால், அதன் 48 இலக்க ரெக்கவரி கீயையும் காகிதத்தில் எழுதுங்கள். அந்த எண்ணை அதே கணினியில் சேமித்து வைப்பது பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டுவது மாதிரி.

2. கணினி தாங்குமா என்று பாருங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போனால் "சிஸ்டம் டைப்" என்ற வரி தெரியும். அதில் "எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்" என்று இருக்கவேண்டும். பலர் அதற்கு முன்னால் வரும் "32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்பதைப் படித்துவிட்டு மனதைத் தளரவிடுகிறார்கள். அது உங்கள் விண்டோஸைப் பற்றிய தகவல். நமக்கு முக்கியம் ப்ராசஸர்.

லினக்ஸ் மின்ட் 22-க்கு ரேம் குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி. டிஸ்க்கில் குறைந்தது 20 ஜிபி கேட்கும். ஆனால் 20 ஜிபியில் போட்டால் சில மாத அப்டேட்டிலேயே நெருக்கடி வந்துவிடும். 60 ஜிபிக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். 2 ஜிபி ரேமில் லினக்ஸ் ஓடும்தான், பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் திணறும். அது பிரவுசரின் பசி. அதற்கு லினக்ஸால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். "காஷன்" என்று மஞ்சள் காட்டினால், அல்லது "ரீஅலோகேட்டட் செக்டார்ஸ்" எண் ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்) வேலை எதுவும் செய்யாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்குக்கு பார்ட்டிஷனைச் சுருக்குவதே கடைசி அடியாகிவிடும்.

3. பூட் மோடைக் குறித்து வையுங்கள்

பூட் மோட் என்பது கணினி ஆன் ஆகும்போது இயங்குதளத்தை எழுப்பும் முறை. டூயல் பூட் தோல்விகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி "எம்எஸ்இன்ஃபோ32" கட்டளையை ஓட்டுங்கள். "பயாஸ் மோட்" என்ற வரியில் "லெகசி" (பழைய முறை) அல்லது "யூஇஎஃப்ஐ" (புதிய முறை) என்று இருக்கும். எது இருக்கிறதோ அதே மோடில்தான் லினக்ஸையும் போடவேண்டும். ஒன்று லெகசி, மற்றொன்று யூஇஎஃப்ஐ என்று ஆகிவிட்டால், ஒன்றின் பூட் மெனுவில் மற்றது தெரியவே தெரியாது. லினக்ஸ் விண்டோஸை அழித்துவிட்டதாக அலறும் பலருக்கு நடந்தது இவ்வளவுதான்: விண்டோஸ் பத்திரமாக இருக்கும், மெனுவில் மட்டும் இருக்காது.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்ட்டிஷன்களை எண்ணுங்கள். லெகசி கணினிகளில் டிஸ்க்கைப் பிரித்திருக்கும் முறை பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய வகை. அதில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் இருக்க முடியாது. கடையிலிருந்து விண்டோஸோடு வந்த லேப்டாப்களில் சிஸ்டம் ரிசர்வ்டு, சி, ரெக்கவரி, தயாரிப்பாளரின் டூல்ஸ் என்று நான்கும் ஏற்கெனவே நிறைந்திருக்கும். அந்த நிலையில் எவ்வளவு இடம் ஒதுக்கினாலும் லினக்ஸ் இன்ஸ்டாலர் அதை "அன்யூசபிள்" என்றுதான் காட்டும்.

இதற்கு விண்டோஸ் ஒரு வழி காட்டும்: ஐந்தாவதாக ஒரு பார்ட்டிஷன் உருவாக்கப் போனால், டிஸ்க்கை டைனமிக்காக மாற்றட்டுமா என்று கேட்கும். "நோ" சொல்லுங்கள். டைனமிக் டிஸ்க்கில் லினக்ஸ் போடமுடியாது, திரும்ப பேசிக்காக மாற்றுவதும் தலைவலி. நான்கில் தேவையில்லாத ஒன்றை பேக்கப் எடுத்துவிட்டு அழிப்பதே சரியான வழி. டி டிரைவ் இருந்தால் அதிலுள்ளதை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அதையே லினக்ஸுக்குக் கொடுத்துவிடலாம். சி டிரைவைச் சுருக்கும் வேலையும் மிச்சம்.

யூஇஎஃப்ஐ கணினியில் டிஸ்க் ஜிபிடி என்ற புதிய வகையாக இருக்கும். இந்த நான்கு கணக்கு அங்கே இல்லை.

4. பேக்கப்

ஃபோட்டோ, டாக்குமென்ட், டெஸ்க்டாப்பில் கிடப்பவை, பிரவுசர் புக்மார்க், அக்கவுன்டிங் மென்பொருளின் டேட்டா ஃபோல்டர். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது பெரும்பாலும் மை டாக்குமென்ட்ஸில் இருக்காது, சி டிரைவின் ஏதோ மூலையில் இருக்கும்.

பழைய கணினியின் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் விநாடிக்குச் சுமார் 30 எம்பிதான் போகும். 200 ஜிபிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல்களாக இருந்தால் இன்னும் இழுக்கும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். காலையில் நாலைந்து ஃபைல்களையாவது வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. விண்டோஸைத் தயார் செய்தல்

முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ". அங்கே மேலே இருக்கும் "சேஞ்ச் செட்டிங்ஸ்" இணைப்பை அழுத்தினால்தான் கீழே உள்ள டிக்கை எடுக்க முடியும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருக்கும்போது "ஷட் டவுன்" கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் வந்து சி டிரைவில் எழுதினால் ஃபைல் அமைப்பு சிதைந்துவிடும் என்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும், சில நேரம் திறக்கவே மறுக்கும். "ரீஸ்டார்ட்" மட்டும் எப்போதும் முழுமையானது என்பதை நினைவில் வையுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இந்த டிக் தானாகத் திரும்ப வந்திருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

பிட்லாக்கர் இருந்தால் ஆஃப் செய்து, டிக்ரிப்ட் முழுவதும் முடியும்வரை காத்திருங்கள்.

பிறகு சி டிரைவைச் சுருக்குதல். இதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். லினக்ஸ் இன்ஸ்டாலராலும் முடியும், ஆனால் விண்டோஸின் வீட்டை விண்டோஸே ஒதுக்கித் தருவதுதான் பத்திரம். சி மேல் வலது கிளிக், "ஷ்ரிங்க் வால்யூம்". பெட்டியில் எம்பி கணக்கில் கேட்கும்: 60 ஜிபிக்கு 61440, 80 ஜிபிக்கு 81920, 100 ஜிபிக்கு 102400. விண்டோஸ் பக்கம் குறைந்தது 20 ஜிபியாவது காலியாக மிஞ்சட்டும், இல்லாவிட்டால் அதன் அப்டேட்கள் தோற்கும்.

சி-யில் 150 ஜிபி காலியாக இருந்தும் 8 ஜிபிதான் சுருக்க முடியும் என்று காட்டுவது சகஜம். டிஸ்க்கின் நடுவிலோ கடைசியிலோ நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கும்; அதைத் தாண்டிச் சுருக்க முடியாது. ஹைபர்னேஷன் (கணினியின் நிலையை டிஸ்க்கில் சேமித்து அணைப்பது), பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்), சிஸ்டம் ப்ரொடெக்ஷன் (ரீஸ்டோர் பாயின்ட் சேமிப்பு) மூன்றையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள். சுருக்கி முடித்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள்.

கிடைத்த இடம் கறுப்புப் பட்டையோடு "அன்அலோகேட்டட்" என்று தெரியும். அப்படியே விட்டுவிடுங்கள். அதில் புது டிரைவ் உருவாக்குவது, ஃபார்மேட் செய்வது எதுவும் வேண்டாம்.

6. பென்டிரைவ் தயாரித்தல்

லினக்ஸ் மின்ட் தளத்தில் மூன்று பதிப்புகள் உண்டு. 4 ஜிபி ரேம் அல்லது அதற்குக் குறைவு என்றால் எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி இருந்தால் சின்னமன். மாட்டே இரண்டுக்கும் இடையில். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் (இன்ஸ்டால் டிஸ்க்கின் முழு நகல்) 3 ஜிபிக்கு நெருக்கமாக இருக்கும். தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு (ஃபைல் முழுமையாக வந்ததா என்று காட்டும் அடையாள எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோட், இன்ஸ்டால் 80 சதவீதம் போன பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுங்கள். "பார்ட்டிஷன் ஸ்கீம்" என்ற இடத்தில், படி 3-இல் லெகசி என்று குறித்திருந்தால் எம்பிஆர், யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி. எழுதும் முறை கேட்டால் "ஐஎஸ்ஓ இமேஜ்" போதும். வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் அழுத்தவேண்டும். நேற்று எடுத்த பேக்கப்பின் மேலேயே எழுதிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

7. இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்த்தல்

பென்டிரைவைச் செருகி, கணினி ஆன் ஆகும்போதே பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசெம்பிள் செய்த கணினி என்றால் மதர்போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12. சில ஏசர் லேப்டாப்களில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் எனேபிள் செய்யவேண்டும்.

பட்டியலில் ஒரே பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வரலாம்: ஒன்று வெறும் பெயர், மற்றொன்று முன்னால் "யூஇஎஃப்ஐ" சேர்த்து. உங்கள் விண்டோஸ் எந்த மோடோ அதற்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். படி 3-இல் அவ்வளவு அழுத்திச் சொன்னது இந்த ஒரு விநாடிக்காகத்தான்.

திரை கறுப்பாகவே நின்றால் (பழைய என்விடியா கார்டுகளில் நடக்கும்), மறுபடி பூட் செய்து "காம்பாட்டிபிலிட்டி மோட்" எடுங்கள்.

இப்போது லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது. மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, லேப்டாப் மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். "டிஸ்க்ஸ்" என்ற செயலியில் உங்கள் ஹார்ட் டிஸ்க் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு கணினி பேசும் முறை) "ரெய்டு" அல்லது "ஆர்எஸ்டி" என்று இருக்கும். அதை நேரடியாக "ஏஹெச்சிஐ" ஆக்கினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் எம்எஸ்கான்ஃபிக் வழியாக விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமையுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸ் எழுந்துவிட்டால் ஏஹெச்சிஐ டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை நீக்கிவிடலாம்.

8. இன்ஸ்டால்

லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லையென்றால் மின்சாரம் நம்பகமாக இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் லினக்ஸுக்கென்று தனி எஸ்எஸ்டி வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, விண்டோஸ் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றுங்கள். புது டிஸ்க்கில் லினக்ஸைப் போட்டு முடித்த பிறகு திரும்ப மாட்டுங்கள். இன்ஸ்டாலர் தன் பூட்லோடரை (இயங்குதளத்தை எழுப்பும் சின்ன நிரல்) முதல் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும் வழக்கம் உண்டு. கேபிளைக் கழற்றிவிட்டால் அந்த வம்பே இல்லை. எது வேண்டுமோ அதைப் பூட் மெனு கீயில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இருக்கும் வழிகளில் இதுதான் சுத்தமானது.

ஒரே டிஸ்க் என்றால், "இன்ஸ்டாலேஷன் டைப்" திரை வரும்வரை சொல்வதைக் கேட்டுக்கொண்டே போங்கள். மல்டிமீடியா கோடெக்ஸ் டிக் செய்வது நல்லது. செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத மென்பொருள் பூட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பு) உள்ள கணினியில் அப்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கலாம். முதல் ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் "என்ரோல் எம்ஓகே" எடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்கவேண்டும்.

அந்தத் திரையில் வரும் தேர்வுகள்:

"இன்ஸ்டால் அலாங்சைட் விண்டோஸ்" என்று வந்தால், ஒதுக்கி வைத்த இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். புதியவர்களுக்கு இது போதும்.

"இரேஸ் டிஸ்க்" என்பதைத் தொடாதீர்கள். லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழிக்காது, டிஸ்க் முழுவதையும் அழிக்கும். விண்டோஸ் தெரியவில்லை என்று சொல்லி இந்தத் தேர்வு மட்டும் வந்தால், பெரும்பாலும் தவறான மோடில் பூட் செய்திருக்கிறீர்கள். வெளியே வந்து படி 7-இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

"சம்திங் எல்ஸ்" என்பது எல்லாவற்றையும் நாமே முடிவு செய்வது. "ஃப்ரீ ஸ்பேஸ்" வரியைத் தேர்ந்தெடுத்து பிளஸ் குறியை அழுத்துங்கள். அளவு முழுவதும், வகை இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட் "/". ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், ஃபைலாக அதுவே உருவாக்கிக்கொள்ளும். யூஇஎஃப்ஐ கணினியில் பூட் ஃபைல்களுக்கென்று சுமார் 100 எம்பி அளவில் விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும். லினக்ஸும் அதையே பயன்படுத்தும், அதற்கு நேரே ஃபார்மேட் டிக் இருக்கவே கூடாது. லெகசி கணினியில் கீழே பூட்லோடர் எங்கே என்று கேட்கும்போது டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள், அதாவது எஸ்டிஏ. பின்னால் எண் சேர்ந்த எஸ்டிஏ1, எஸ்டிஏ2 எல்லாம் பார்ட்டிஷன்கள், அங்கே போட்டால் லினக்ஸ் எழாது.

"இன்ஸ்டால் நவ்" அழுத்தியதும் எந்தெந்தப் பார்ட்டிஷன் ஃபார்மேட் ஆகும் என்று ஒரு பெட்டி வரும். இதுதான் திரும்பிப் போகக் கடைசி வாய்ப்பு. அதில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவ்களின் ஃபைல் அமைப்பு) என்ற சொல் தெரிந்தால் "கோ பேக்".

எஸ்எஸ்டியில் 10 முதல் 15 நிமிடம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் 40 நிமிடம் வரை ஆகும்.

9. முதல் வாரத்தில் வரும் கோளாறுகள்

ரீஸ்டார்ட் ஆனதும் க்ரப் மெனு (விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் பட்டியல்) வரும். விண்டோஸையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். டிஸ்க் செக் ஓட்டினால் ஓடவிடுங்கள், பார்ட்டிஷன் அளவு மாறியதால் வருவது.

மெனு வராமல் நேராக விண்டோஸ் திறந்தால்: யூஇஎஃப்ஐயில் பயாஸுக்குள் போய்ப் பூட் வரிசையில் "உபுன்டு" என்பதை மேலே ஏற்றுங்கள். மின்ட் அந்தப் பெயரில்தான் தெரியும். லெகசியில் அதே பென்டிரைவில் பூட் செய்து "பூட் ரிப்பேர்" செயலியை ஓட்டினால் போதும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இதே தேவைப்படலாம் என்பதால் அந்தப் பென்டிரைவை அழிக்காமல் வைத்திருங்கள்.

கடிகாரம் தப்பாகக் காட்டுவதில் இரண்டு வகை உண்டு. லினக்ஸ் போய்விட்டு விண்டோஸ் வந்தால் மட்டும், எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் என்றால், மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) ஆகவும் படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் "செட் லோக்கல் ஆர்டிசி" அமைப்பை 1 ஆக்கினால் தீர்ந்தது. ஆனால் தேதியே பல வருடம் பின்னால் போய்விட்டால் அது பேட்டரி. இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். அதைவிட மோசம், பேட்டரி செத்தால் பயாஸ் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். நீங்கள் மாற்றிய சாட்டா மோட் திரும்ப ரெய்டு ஆகும், நேற்றுவரை ஓடிய விண்டோஸ் இன்று நீலத் திரை காட்டும், பழி லினக்ஸ் மேல் விழும்.

வைஃபை வரவில்லையென்றால் கேபிளோ கைபேசி டெதரிங்கோ கொடுத்து "டிரைவர் மேனேஜர்" திறங்கள்.

பொது ஃபைல்களை விண்டோஸ் டிரைவில் வைத்துக்கொண்டால் இரண்டிலிருந்தும் திறக்கலாம். அந்த டிரைவில் பிழை வந்தால் விண்டோஸின் செக்டிஸ்க் மூலம் மட்டுமே சரிசெய்யுங்கள். விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷன் தெரியாது. "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்டால் "கேன்சல்".

10. லினக்ஸ் வேண்டாம் என்றால்

பார்ட்டிஷனை முதலில் அழிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. லெகசி கணினியில் அப்படிச் செய்தால் அடுத்த பூட்டில் "க்ரப் ரெஸ்க்யூ" என்ற ஒற்றை வரியோடு திரை நின்றுவிடும். அதனால் அழிப்பதற்கு முன் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் ப்ராம்ப்டில் பூட்ரெக் கட்டளையின் "ஃபிக்ஸ்எம்பிஆர்" தேர்வை ஓட்டுங்கள். மெனு இல்லாமல் விண்டோஸ் நேராக எழுகிறதா என்று பாருங்கள். யூஇஎஃப்ஐயில் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" முதலில் வரும்படி மாற்றினால் போதும். அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்கி, சி மேல் வலது கிளிக் செய்து "எக்ஸ்டெண்ட் வால்யூம்" கொடுங்கள். சி-க்கு உடனடி வலப்பக்கம் அந்தக் காலி இடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் இருந்தால் அந்தத் தேர்வு மங்கலாகத் தெரியும். அப்போது காலி இடத்தைத் தனி டிரைவாக வைத்துக்கொள்ளுங்கள்.